வாசலில் கட்டிய வெள்ளை விரிப்பு

படிக்கட்டு முழுவதும் சாளை மீன்கள் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே என் கணவர் குப்புறக் கிடந்தார். அவருக்குக் கீழே, ஒரு வெள்ளை விரிப்புக்குள் சுற்றுண்டு, எங்கள் மகள் ஆரணி.

“குனி! குனி!” என்று அவர் கத்தியது கட்டடம் முழுவதற்கும் கேட்டிருக்கும். நான் கத்தரிக்கோலும் கையுமாக மூன்றாம் மாடி வாசலில் நின்றேன். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளை அழவும் இல்லை. அவருடைய இரண்டு முழங்கைகளும் அவளுடைய தலையை மூடியிருந்தன. கூட்டுகிற தும்புத்தடி ஒன்று மட்டும் படி படியாக உருண்டு போய், கீழே எங்கோ மோதி நின்றது.

பின்னேரம் நாலு மணி இருக்கும். படிக்கட்டு யன்னலால் நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. அன்று ஹலோவீன். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் ஆரணியின் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வர இருந்தார்கள்.

கீழ்மாடிக் கதவு திறந்தது. கீழ்வீட்டு இத்தாலியப் பெண் சிஞ்ஞோரா ரொசால்பா வெளியே வந்தார். அவருடைய மகள் ஜாதாவும் அந்த நாலு பேரில் ஒருத்தி. அப்போதுதான் என் கணவர் மெல்ல எழுந்தார். ஆரணியின் கீழுதடு வெடித்து, இரத்தம் நாடி வரைக்கும் வழிந்திருந்தது. ரொசால்பா பிள்ளையைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

திருப்பிக் கூப்பிடுவது

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், “இத்தனை வருடமாகப் பலெர்மோவில் இருக்கிறீர்கள், இத்தாலியர் யாரும் உங்கள் வீட்டுக்கு வந்து போவதில்லையா?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

அந்த ஹலோவீன் வரைக்கும் யாரும் வந்ததில்லை. நாங்களும் கூப்பிட்டதில்லை. சீசா என்ற பகுதியில் எங்களுக்கு ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும். பகலில் கட்டிலைச் சுவரோடு சாய்த்து வைத்தால்தான் நடக்க இடம் வரும். நான் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் துப்பரவு வேலை. என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் மீன் வெட்டுகிறவர். யாரை எங்கே இருத்துவது?

ஆனால் ஆரணி போய் வந்துகொண்டிருந்தாள். பிறந்தநாள் என்றும் படிப்பு என்றும் நாலு வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் பை நிறைய இனிப்போடு வந்தாள். மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது, ஐப்பசி மாதத்து ஒரு நாள், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

“அம்மா, ஹலோவீனுக்கு எங்கடை வீட்டுக்கு வரச் சொல்லி நாலு பேருக்கும் சொல்லிப்போட்டன்.”

“ஆரைக் கேட்டுச் சொன்னனீ?”

“கேட்டா நீங்கள் வேண்டாம் எண்டுதானே சொல்லுவியள்.”

போன வீட்டாரைத் திருப்பிக் கூப்பிடத்தானே வேண்டும். என்னுடைய அம்மா யாழ்ப்பாணத்தில் சொல்லிச் சொல்லி வளர்த்த பாடம் அது. அதை இந்தப் பிள்ளை என்னிடமிருந்து கேட்காமலே படித்திருந்தாள்.

இவரிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பேயைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் ஆக்களைக் கூப்பிடோணுமோ?”

“பிள்ளையளின்ரை விளையாட்டுத்தானே. காசு செலவழிக்க மாட்டன்.”

“காசுக்குச் சொல்லேல்லை,” என்றார். வேறு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வாங்காமல் செய்தது

கடைகளில் ஹலோவீனுக்கு எல்லாம் இருந்தது. பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அமத்தினால் சிரிக்கிற மண்டையோடு, பெரிய மஞ்சள் பூசணி. நாங்கள் பார்த்துவிட்டு வந்தோம். பஞ்சு ஒரு பக்கெற் மட்டும் வாங்குவது, மற்றதெல்லாம் வீட்டில் கிடக்கிறதில் செய்வது என்று முடிவு.

கறுப்புக் குப்பைப் பைகளை மடித்து வெட்டினால் வௌவால். முட்டைப் பெட்டியின் மூன்று குழியைச் சேர்த்து வெட்டிக் கறுப்பு மை பூசினால் இன்னொரு வகை வௌவால். கழிவறைத் தாள் சுற்றிவரும் மட்டைக் குழாயில் இரண்டு கண் வெட்டி, உள்ளே கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தால் இருட்டிலிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. பஞ்சை இழுத்து இழுத்து மூலைகளில் ஒட்டினால் சிலந்திவலை. ஆரணி அதற்குள் மிளகை ஒட்டிச் சிலந்தி என்றாள்.

நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா ஆறு பழைய கட்டில் விரிப்புகளைத் தந்திருந்தார். தோய்த்துத் தோய்த்து மெலிந்து, வெளிச்சம் ஊடாகத் தெரிகிற வெள்ளை. ஓரத்தில் அவருடைய மாமியாரின் பெயரெழுத்துகள் நூலால் தைத்திருந்தன. “துடைக்கத் துணியாக வைத்துக்கொள்” என்றுதான் தந்தார். ஆரணி பார்த்ததும் துள்ளினாள். “ஃபந்தாஸ்மா!” பேய்க்கு இதைவிட நல்ல துணி எங்கே கிடைக்கும்?

வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். ஒட்டினால் வர்ணம் உரிந்து வரும். ஆகவே தும்புத்தடி இரண்டும் நிலம் துடைக்கும் தடி ஒன்றும் எடுத்து, எண்ணெய்த் தகரங்களில் மண் நிரப்பி நட்டேன். ஒவ்வொரு தடியிலும் ஒரு விரிப்பைக் கட்டி, என்னுடைய கண்மையால் கண்ணும் வாயும் வரைந்தோம். வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு. மூன்றாவதற்கு இன்னும் கண் வரையவில்லை. வெறும் வெள்ளை.

இவர் காலையில் வேலைக்குப் போனபோது வௌவால்கள் மட்டும்தான் இருந்தன. விரிப்புகளை நான் அவர் போன பிறகுதான் கட்டினேன்.

நாலு மணிக்குக் கீழே வாசற்கதவு சாத்திய சத்தம் கேட்டது. “அப்பா வாறார்! பயப்பிடுத்தப் போறன்!” என்று ஆரணி அந்த மூன்றாவது தடியைத் தகரத்திலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி ஓடினாள். வெள்ளைத் துணியை மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்த மகளை, வளைவில் திரும்பியபோது அவர் கண்டார்.

மீன் பை கையிலிருந்து விழுந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

படியில்

அவர் உள்ளே வர மறுத்தார். படியில் அப்படியே இருந்தார். சட்டை எல்லாம் மீன் செதிள்.

நான் ஆரணியைக் குசினிக்குக் கூட்டிப் போய் வாயைக் கழுவினேன். பல்லுக்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.

“அப்பாக்கு என்னிலை கோவமோ? நான் விளையாட்டுக்குத்தானே...”

“கோவம் இல்லையம்மா.”

“அப்ப ஏன் தள்ளினவர்?”

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கலியாணம் பேசியபோது, “பெடியன் வன்னி. கடைசி மட்டும் உள்ளுக்கை நிண்டவன். தங்கச்சி ஒராளைக் காணேல்லை” என்று சொன்னார்கள். அந்த மூன்று வசனத்துக்கு மேல் நான் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. யுத்தத்தின் அந்தக் கடைசி மாதங்களில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் வானொலியைச் சுற்றி இருந்தோம். அவர் அந்தச் செய்திக்குள் இருந்தார். அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது. நான் கேட்டால் அவருக்கு வலிக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கேட்க எனக்குத்தான் பயம்.

காணாமற்போன அந்தத் தங்கச்சி வதனிக்கு எங்கள் வீட்டில் திவசம் இல்லை. படத்துக்கு மாலை இல்லை. ஊரில் அவருடைய அம்மா, என் மாமி, இன்றைக்கும் மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, காணாமற்போன பிள்ளைகளைத் தேடுகிற மற்றத் தாய்மாரோடு வீதியோரத்தில் போய் இருக்கிறவர். ஆரணிக்கு ஒரு அத்தை இருப்பதே தெரியாது.

நான் வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆரணியும் துவாயை உதட்டில் அமத்திக்கொண்டு வந்து, இரண்டு படி மேலே, எட்டத்தில் இருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்குத்தான் சொன்னார்.

“அப்பாக்கு ஒரு தங்கச்சி இருந்தவ. உனக்கு அத்தை. வதனி எண்டு பேர்.”

“எங்கை இருக்கிறா?”

“நாங்கள் எல்லாரும் நடந்து வெளியிலை வந்தனாங்கள். சண்டைக்குள்ளாலை. வெள்ளைத் துணி பிடிச்சுக்கொண்டு வந்தா ஒண்டும் செய்ய மாட்டினம் எண்டு சனம் சொன்னது. அம்மான்ரை சீலையைக் கிழிச்சு, மண்வெட்டிப் பிடியிலை கட்டினது. நான்தான் கட்டினனான். அவ, ‘நான் பிடிக்கிறன் அண்ணா, நீ அம்மாவைத் தூக்கு’ எண்டா. அம்மாக்குக் காலிலை காயம். வதனி முன்னுக்குப் போனவ. துணியை உயத்திப் பிடிச்சுக்கொண்டு.”

சட்டையில் ஒட்டியிருந்த செதிள் ஒன்றைச் சுரண்டினார்.

“பிறகு சத்தம் கேட்டுது. சனம் குழம்பி நாலு பக்கமும் ஓடினது. நான் குனி, குனி எண்டு கத்தினனான். அவவுக்குக் கேக்கேல்லைப் போலை. அம்மாவை நிலத்திலை போட்டு மூடிக்கொண்டு கிடந்தனான். நிமிந்து பாக்கேக்கை துணி கிடந்தது. பிடி கிடந்தது. ஆள் இல்லை.”

ஆரணி இரண்டு படி இறங்கி வந்து அவருடைய முதுகில் சாய்ந்தாள். அவர் கையைப் பின்னால் கொண்டுபோய் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டார். “நோகுதோ?” என்று கேட்டார். “கொஞ்சம்” என்றாள்.

கலியாணம் முடித்துப் பத்து வருடத்துக்கு மேல். அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தத் துணிகளைத் தடியில் கட்டியது என்னுடைய கை.

ஒரு மணித்தியாலத்துக்குள்

முதலில் எழுந்தவள் ஆரணி. வாசலுக்குப் போய் இரண்டு பேய்களையும் தடியிலிருந்து அவிழ்த்தாள். மடித்துக் கொண்டுபோய் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். வௌவால்களும் பஞ்சு வலையும் மட்டும் மிஞ்சின. பேய்கள் போனதும் வாசல் வெறிச்சென்று இருந்தது.

“அவையளை வர வேண்டாம் எண்டு சொல்லுவமோ?” என்று மெதுவாகக் கேட்டேன்.

இவர்தான் எழுந்தார். சட்டையைக் கழற்றி, முகத்தைக் கழுவி, குசினிக்குள் போனார். ஒரு கூடை ஆரஞ்சுத் தோடம்பழமும் நாலு பெரிய கத்தரிக்காயும் இருந்தன. சமையலுக்கு வாங்கியவை. தன்னுடைய மீன் வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்தார்.

“முகம் எப்பிடி வேணும்?” என்று மகளைக் கேட்டார். “சிரிக்கிறதோ, முறைக்கிறதோ?”

“ரெண்டும்.”

தோடம்பழத்தின் உச்சியைச் சீவி, உள்ளே இருப்பதைக் கரண்டியால் வழித்து, தோலில் கண்ணும் பல்லும் வெட்டினார். வழித்த பழத்தை ஆரணி பிழிந்து சாறாக்கினாள். கத்தரிக்காயில் நீண்ட மூக்கு வைத்தார். நான் சாமித்தட்டிலிருந்து தீபாவளிக்கு விளக்கேற்றுகிற மண் சிட்டிகளை எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு தோடம்பழத்துக்குள்ளும் ஒன்றை வைத்துத் திரியைக் கொளுத்தினேன். சூடேறியதும் வீடு முழுக்கத் தோடந்தோல் வாசம். மீன் வெடுக்கு அதற்குள் அமிழ்ந்துபோனது.

அப்போதும் என் மனது கீழ்மாடியில்தான் இருந்தது. சாத்திய கதவு. பிள்ளையின் வாயில் இரத்தம், அவளுக்கு மேல் ஒரு ஆம்பிளை. ரொசால்பா யாரிடமாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு, பொலிசுக்கு. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக் கடதாசியை நம்பி இருக்கிற எங்களைப் போன்றவர்கள் முதலில் நினைப்பது அதைத்தான்.

ஐந்து மணி ஆனது. ஒருவரும் வரவில்லை. ஐந்தேகால். ஆரணி கறுப்பு உடுப்போடு கதிரையில் நேராக இருந்தாள். இவர் குசினி வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

“தொல்ச்செத்தோ ஓ ஸ்கெர்ட்செத்தோ!” இனிப்பா, குறும்பா என்று நாலு குரல்கள் ஒன்றாகக் கத்தின. பிள்ளைகளுக்குப் பின்னால் ரொசால்பா நின்றார். மற்றத் தாய்மார் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவருடைய கையில் ஒரு தட்டு. அதில், நாங்கள் படியிலேயே விட்டுவிட்ட எங்கள் சாளை மீன்கள், கழுவித் தலை கிள்ளி, அடுக்காக.

பிள்ளைகள் உள்ளே ஓடின. ரொசால்பா ஓடவில்லை. தட்டை என்னிடம் தந்துவிட்டு, ஆரணிக்கு முன்னால் குந்தி, வீங்கிய உதட்டைப் பார்த்தார். என் கணவர் அங்கேயே நிற்க, அவருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்:

“உனக்கு என்ன நடந்தது? பயப்படாமல் சொல்லு.”

ஆரணி இத்தாலிய மொழியில், பலெர்மோப் பிள்ளைகள் இழுத்துச் சொல்வதுபோல் சொன்னாள்: “அப்பா யுத்தத்தில் இருந்து வந்தவர். நான் வெள்ளைத் துணியைத் தூக்கினேன். எனக்கு ஏதும் ஆகிவிடும் என்று நினைத்து, எனக்கு மேலே விழுந்து மூடினார். அவருடைய தங்கச்சியை மூட ஆளில்லாமல் போனது.”

ரொசால்பா நீண்ட நேரம் எழும்பவில்லை. எழும்பியதும் இவருக்கு முன்னால் போய் நின்றார். “நான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன்,” என்றார்.

“நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன், சிஞ்ஞோரா,” என்றார் இவர்.

பிள்ளைகளுக்கு எங்கள் வீடு சின்னதா பெரியதா என்பது கண்ணில் படவே இல்லை. கத்தரிக்காயின் மூக்குக்குப் பெயர் வைத்தார்கள். நான் சுட்டிருந்த வடையை ஒருத்தி மூன்று தின்றாள். இன்னொருத்தி உறைப்பு என்று அழுது, தோடஞ்சாறு குடித்துவிட்டுத் திரும்பவும் எடுத்தாள்.

போகும்போது ரொசால்பா ஆரணியிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்: “நாளை மறுநாள் காலை ஜாதாவுக்கு என்னுடைய அப்பா இனிப்புக் கொண்டுவருவார். இறந்து மூன்று வருடம். உனக்கு யார் கொண்டுவருகிறார்கள்?”

இந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். நவம்பர் இரண்டாம் திகதி இறந்தவர்களின் நாள். குடும்பத்தில் இறந்துபோனவர்கள் பிள்ளைகளுக்கு இனிப்பும் விளையாட்டுச் சாமானும் கொண்டுவந்து வைப்பார்களாம். எங்கள் வீட்டில் யாரும் வைத்ததில்லை.

ஆரணி தகப்பனைப் பார்த்தாள். “தெரியாது,” என்றாள்.

இரண்டாம் திகதி காலை

அன்று பள்ளிக்கூடம் இல்லை. நான் எழும்பியபோது இவர் வெளியே போய்த் திரும்பி வந்திருந்தார். குசினி மேசையில் மெல்லிய கடதாசியில் சுற்றி ஒன்று இருந்தது. ஆரணி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பிரித்தாள். பாதாம் மாவில் செய்த இனிப்பு மாதுளம்பழம். ஒரு பக்கம் வெடித்து, உள்ளே சிவப்பு முத்துகள் தெரியும்படி வர்ணம் தீட்டியிருந்தார்கள்.

“இது ஆர் தந்தது?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அத்தையோ?”

நான் அடுப்புக்குத் திரும்பி நின்றுகொண்டேன். ஓம் என்றால் என்ன பொருள், இல்லை என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஊரில் ஒரு தாய் இன்னும் படத்தோடு வீதியோரத்தில் இருக்கிறார்.

அவர் கதிரையை இழுத்து அவளுக்கு நேரே இருந்தார்.

“அத்தை எங்கை எண்டு எனக்குத் தெரியாதம்மா. செத்துப்போனா எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. இருக்கிறா எண்டு சொல்லவும் ஏலாமல் கிடக்கு. இது நான் வாங்கினது. அவ இஞ்சை இருந்திருந்தா உனக்கு வாங்கித் தந்திருப்பா. அதாலை வாங்கினனான்.”

ஆரணி அதைக் கையில் வைத்து யோசித்தாள். கத்தியைக் கேட்டு வாங்கி, நேர் பாதியாக வெட்டினாள். ஒரு பாதியை, உதடு இன்னும் நொந்ததால், மெதுவாகத் தின்றாள். மற்றப் பாதியை ஈயத்தாளில் சுற்றினாள். கொப்பியில் ஒரு துண்டு கிழித்து, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்தில், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதி ஒட்டினாள்.

“அத்தைகு.”

“பிழை” என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்கு முன் அவர் அவளுடைய கையிலிருந்து பேனையை வாங்கினார். ‘தை’க்கும் ‘கு’வுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் ஒரு ‘க்’ எழுதிச் சேர்த்தார். மை காயும்வரை ஊதினார். பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மேல்தட்டில், யாரும் தவறி எடுத்துவிடாத இடமாகப் பார்த்து அதை வைத்தார்.